வீட்டு ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு தவறும்போது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டர் ஒன்றை வைத்து, அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் இயங்குதளத்தை நிறுவி, ஆட்பிளாக் என்ற தொகுப்பை இயக்கியிருக்கிறீர்கள். மடிக்கணினியில் விளம்பரங்கள் நின்றுவிட்டன, கைபேசிகளில் நிற்கவில்லை. மின்தடை வந்து போனால் மடிக்கணினியிலும் விளம்பரங்கள் திரும்பிவிடுகின்றன, சில நேரம் இணையமே வருவதில்லை. யூடியூப் விளம்பரம் தொடக்கத்திலிருந்தே நிற்கவில்லை. போதாக்குறைக்கு வங்கிச் செயலி ஒன்று திறக்க மறுக்கிறது. தடைப்பட்டியல்களை மேலும் மேலும் சேர்த்துப் பார்த்தும் மாற்றம் இல்லை என்கிறீர்கள்.

பட்டியல்களைச் சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். ரவுட்டரில் நடக்கும் தடுப்பு, பக்கத்தின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சாதனம் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரியைக் கேட்கிறது. டிஎன்எஸ் எனப்படும் அந்தக் கேள்வி ரவுட்டரில் இயங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலுக்கு வருகிறது. பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று விடை போகிறது. இதைத் தவிர அதனிடம் வேறு கருவி கிடையாது. ஆகவே கேள்வி ரவுட்டரிடம் வந்து சேராத சாதனத்துக்கு, பட்டியலில் பத்து இலட்சம் பெயர்கள் இருந்தாலும் பயனில்லை. உங்கள் மடிக்கணினியில் ஒருமுறையேனும் தடுப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது என்றால், பட்டியல் சரியாகவே இருக்கிறது. பிழை, கேள்வி போகும் வழியில் இருக்கிறது. எந்தச் சாதனம் யாரிடம் கேட்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மடிக்கணினியின் கட்டளைச் சாளரத்தில், பெயருக்கு முகவரி கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைத் திறந்து, பட்டியலில் இருப்பது உறுதியான ஒரு பெயரை, உதாரணமாகக் கூகுளின் டபுள்கிளிக் விளம்பரச் சேவையகத்தின் பெயரை, இருமுறை கேளுங்கள். முதல் முறை பெயரை மட்டும் கொடுங்கள். இரண்டாம் முறை அதே பெயரோடு ரவுட்டரின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் சில நேரம் உள்வலைப் பின்னொட்டைத் தானே சேர்த்துக் கேட்டு, தவறான விடையை உங்களுக்குக் காட்டும். விடையின் முதல் இரண்டு வரிகள், பதில் சொன்ன சேவையகம் எது என்பதைச் சொல்கின்றன. பலரும் அவற்றைத் தாண்டிக் கீழே இருக்கும் முகவரியை மட்டும் பார்க்கிறார்கள். நோய் பெரும்பாலும் மேலே உள்ள அந்த இரண்டு வரிகளில்தான் தெரியும். ரவுட்டரை நேரடியாகக் கேட்டால் "இல்லை" என்றும், பெயரை மட்டும் கேட்டால் உண்மையான முகவரியும் வந்தால், தடுப்பு நலமாக இருக்கிறது, சாதனம்தான் வேறு யாரிடமோ கேட்கிறது. இரண்டு முறையும் உண்மை முகவரியே வந்தால் பட்டியல் ரவுட்டரில் ஏறவில்லை. இரண்டு முறையும் "இல்லை" என்று வந்தும் திரையில் விளம்பரம் தெரிந்தால், உலாவி தனியாக மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்துகிறது, அல்லது அந்த விளம்பரம் பெயரை வைத்துத் தடுக்க முடியாத வகையைச் சேர்ந்தது.

இங்கே உங்கள் அமைப்புக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இயல்பான உள்முகவரி 192.168.1.1. இணைய நிறுவனங்கள் தரும் பெட்டிகளிலும் பெரும்பாலும் அதே முகவரிதான். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் வழித்தடம் குழம்பும். அதைவிட மோசமாக, நீங்கள் செய்யும் சோதனையும் பொய் சொல்லும். நிறுவனப் பெட்டியின் வைஃபை இன்னும் இயங்கிக்கொண்டிருந்து, கைபேசி பழைய பழக்கத்தில் அதனோடு இணைந்திருந்தால், கைபேசியின் டிஎன்எஸ் முகவரி 192.168.1.1 என்றே காட்டும். "சரியாகத்தானே இருக்கிறது" என்று நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். ஆனால் அந்த எண் உங்கள் சி7 ரவுட்டரைக் குறிக்கவில்லை, நிறுவனப் பெட்டியைக் குறிக்கிறது. எனவே எல்லாவற்றுக்கும் முன்பாகச் சி7இன் உள்முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள், நிறுவனப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன்பின் எந்தச் சாதனத்திலாவது 192.168.1.2 போல மூன்றாம் எண் 1 ஆக உள்ள முகவரி தெரிந்தால், அது தவறான இடத்தில் இணைந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். பெட்டியிலிருந்து வரும் கம்பி, சி7இல் வெளி இணையத்துக்கான வான் எனப்படும் துளைக்குச் செல்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டுச் சாதனங்களுக்கான லான் துளையில் செருகியிருந்தால் சி7 வெறும் வைஃபை நீட்டிப்பாகவே வேலை செய்யும், முகவரிகளையும் டிஎன்எஸ்ஸையும் நிறுவனப் பெட்டியே வழங்கும்.

இனிக் கைபேசிகளுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் 2018இல் வந்த 9ஆம் பதிப்பு முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. அது தானியங்கி நிலையில் இருந்தால் கவலை வேண்டாம். ரவுட்டர் தந்த சேவையகத்தோடு மறையாக்க முறையில் பேச முயலும், டிஎன்எஸ்மாஸ்க்குக்கு அந்த மொழி தெரியாததால் சாதாரண முறைக்கே திரும்பிவிடும். ஆனால் யாரோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதில் ஒரு வழங்குநரின் பெயரை எழுதி வைத்திருந்தால், கைபேசி மறையாக்க டிஎன்எஸ்ஸுக்கான 853ஆம் போர்ட் (இணைப்பு வாயில் எண்) வழியாக நேரே அங்கே கேட்கும். உங்கள் ரவுட்டரைத் திரும்பிப் பார்க்காது. ஐபோனில், இணையப் போக்குவரத்தை ஆப்பிள் வழியாக மறைத்து அனுப்பும் ஐகிளவுட் பிரைவேட் ரிலே அதே வேலையைச் செய்கிறது; கட்டணச் சந்தாவோடு வருவதால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ரிலேயின் இரண்டு பெயர்களுக்கு ரவுட்டர் "இல்லை" என்று விடை தந்தால், ஐபோன் அந்த வலையில் ரிலேயைப் பயன்படுத்தாது என்று ஆப்பிளே வழி வகுத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் இதுபோல் ஒரு அடையாளப் பெயர் உண்டு. அதற்கு "இல்லை" என்று விடை வந்தால், உலாவி தானாகத் தொடங்கிய மறையாக்க டிஎன்எஸ்ஸை நிறுத்திக்கொள்ளும். பயனர் தாமாகவே அதை இயக்கியிருந்தால் மட்டும் அந்த அடையாளத்தை அது மதிப்பதில்லை; அமைப்புகளுக்குள் போய்க் கையால்தான் அணைக்க வேண்டும். விபிஎன் செயலி ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தாலும் ரவுட்டரின் தடுப்பு எட்டாது.

இரண்டாவது டிஎன்எஸ் முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு எங்கும் காணப்படுகிறது. முதல் இடத்தில் ரவுட்டரையும், "ஒருவேளை அது நின்றுபோனால்" என்று எண்ணி இரண்டாம் இடத்தில் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையகமான 8.8.8.8ஐயும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது முகவரி, முதலாவது செத்தால் மட்டும் எழுந்து வரும் மாற்று ஆள் அல்ல. சாதனம் விரும்பும்போது எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் விடை கொஞ்சம் தாமதித்தாலும் இரண்டாவதற்குப் போய்விடும். விளம்பரம் ஒரு பக்கத்தில் வருகிறது, மறு பக்கத்தில் வரவில்லை என்ற விவரம் புரியாத நடத்தைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். சாதனங்களுக்கு முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி வழியாக ரவுட்டரின் முகவரி ஒன்றை மட்டுமே கொடுங்கள். 8.8.8.8 போன்றவை இருக்க வேண்டிய இடம் ரவுட்டரின் வான் பக்கம். அங்கே எதை வைத்தாலும் தடுப்பு பாதிக்கப்படாது, ஏனென்றால் டிஎன்எஸ்மாஸ்க் தன் பட்டியலைப் பார்த்த பிறகுதான் வெளியே கேட்கிறது.

புதிய ஐபி முகவரி முறையான ஐபி வி6 இந்தியாவில் மிகப் பரவலாகிவிட்டதால் அதையும் விட்டுவிட முடியாது. டிஹெச்சிபியில் நீங்கள் கவனமாக அமைத்தது பழைய முறையான ஐபி வி4க்கு மட்டும்தான். ஐபி வி6இல் ரவுட்டர் அறிவிப்புகள் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியைப் பரப்பும். ஆண்ட்ராய்டு அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளும். மடிக்கணினியில் இணைப்பு விவரத்தைத் திறந்து டிஎன்எஸ் வரிசை முழுவதையும் படியுங்கள். எஃப்இ80 என்றோ எஃப்டி என்றோ தொடங்கும் முகவரி உங்கள் ரவுட்டருடையதாக இருக்கலாம், அதில் தவறில்லை. 2001:4860:4860::8888 என்று இருந்தால் அது கூகுளின் பொதுச் சேவையகம். கேள்விகள் அங்கே கசிகின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டி இயல்பாகத் தன் முகவரியையே அறிவிக்கும் என்பதால், இப்படி ஒரு வெளிமுகவரி தெரிந்தால் லான் இடைமுகத்தின் ஐபி வி6 பகுதியில் யாரோ அதைக் கையால் எழுதியிருக்கிறார்கள், அல்லது சாதனம் இன்னும் நிறுவனப் பெட்டியோடுதான் பேசுகிறது.

சாதனங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகும், எந்த அமைப்பையும் மதிக்காமல் 8.8.8.8ஐ நேரே கேட்கும் பொருள்கள் வீட்டில் இருக்கும். கூகுளின் குரோம்காஸ்ட் இதற்குப் பெயர் பெற்றது. இவற்றுக்கு மருந்து, ஃபயர்வாலில் போர்ட் திருப்பம்: லான் பகுதியிலிருந்து சாதாரண டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டுக்குப் போகும் டிசிபி, யூடிபி என்ற இருவகைப் போக்குவரத்தையும் ரவுட்டருக்கே திருப்புங்கள். சாதனம் 8.8.8.8இடம் கேட்டதாக நினைத்துக்கொள்ளும். விடை சொல்வது உங்கள் டிஎன்எஸ்மாஸ்க். 22.03ஆம் பதிப்பு முதல் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய விதிமுறை அமைப்பின் மீது இயங்குகிறது; அதில் இந்தத் திருப்பத்தை ஐபி வி4, வி6 இரண்டுக்கும் சேர்த்தே எழுதலாம். பழைய வழிகாட்டிகளில் உள்ள, அதற்கு முந்தைய அமைப்பான ஐபிடேபிள்ஸின் வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். பின்னாளில் தடுப்பை ராஸ்பெரி பை என்ற தனிச் சிறுகணினியில் இயங்கும் பை-ஹோல் தடுப்பு நிரலுக்கு மாற்றினால், அந்தப் பையின் முகவரிக்கு இந்தத் திருப்பத்திலிருந்து விலக்குத் தர மறக்காதீர்கள். இல்லையென்றால் அது வெளியே கேட்கும் கேள்வியே தன்னிடம் திரும்பி வந்து சுற்றத் தொடங்கிவிடும்.

853ஆம் போர்ட்டையும் மூடலாம். மூடும்போது பொட்டலங்களைச் சத்தமின்றிக் கைவிடும் "டிராப்" வேண்டாம், மறுப்பை உடனே தெரிவிக்கும் "ரிஜெக்ட்" வையுங்கள். மறுப்பு கிடைத்த சாதனம் உடனே சாதாரண முறைக்குத் திரும்பும். கைவிடப்பட்ட சாதனம் விடைக்காகக் காத்திருந்து, இணையமே மெதுவாகிவிட்டது என்ற தோற்றத்தைத் தரும். பிரைவேட் டிஎன்எஸ்ஸில் பெயரை எழுதி வைத்த ஆண்ட்ராய்டு கைபேசிக்கு மட்டும் இதன் பிறகு இணையம் முற்றிலும் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 443ஆம் போர்ட் வழியாகப் போகும் மறையாக்க டிஎன்எஸ்ஸை மற்ற இணையப் போக்குவரத்திலிருந்து பிரித்தறிய ரவுட்டருக்கு வழியில்லை; அறியப்பட்ட வழங்குநர்களின் பெயர்களையும் முகவரிகளையும் தடுப்பதே மிச்சம். அது முழுமையானதாக ஒருபோதும் இருக்காது. வீட்டு வலைக்கு அது போதும் என்பதே என் கருத்து.

மின்தடைப் பிரச்சினைக்கு ஒன்றுக்கொன்று பின்னிய மூன்று காரணங்கள் உண்டு. ஆட்பிளாக் சேர்க்கும் பட்டியல்கள் டிஎம்பி என்ற கோப்பகத்தில் உள்ளன. அது நினைவகத்தில் இருப்பதால் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். ரவுட்டர் எழுந்ததும் அவற்றை மறுபடியும் பதிவிறக்க வேண்டும். ஆனால் ஃபைபர் பெட்டி எழ அதிக நேரம் எடுக்கும். பெட்டி உங்கள் சி7க்கு ஒரு முகவரியைக் கொடுத்ததுமே வான் இடைமுகம் தயாராகிவிட்டதாக ரவுட்டர் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் ஃபைபர் அப்போது இன்னும் இணைந்திருக்காது. அந்த இடைவெளியில் ஆட்பிளாக் பதிவிறக்க முயன்று தோற்று, வெறும் பட்டியலோடு நின்றுவிடுகிறது. ஆட்பிளாக் அமைப்புகளில் தொடக்கத் தாமதத்தின் விநாடிகளைத் தாராளமாகக் கூட்டுங்கள். சி7இல் யூஎஸ்பி துளை இருக்கிறது. சிறிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, பட்டியல் நகல்களுக்கான கோப்பகத்தை அதற்கு மாற்றுங்கள். பதிவிறக்கம் தோற்றாலும் பழைய நகலைக் கொண்டு தடுப்பு தொடங்கிவிடும்.

மூன்றாவது காரணம் கடிகாரம். இணையமே வராமல் போவது இதனால்தான் என்று சந்தேகிக்கிறேன். இவ்வகை ரவுட்டரில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. எழும்போது, தன்னிடம் உள்ள அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போதோ அந்த நேரத்தையே இப்போதைய நேரமாக ஓப்பன்டபிள்யூஆர்டி எடுத்துக்கொள்கிறது. அமைப்புகளைக் கடைசியாக இரண்டு மாதத்துக்கு முன் தொட்டிருந்தால், ரவுட்டருக்கு இன்னும் அந்த மாதம்தான். பட்டியல் இருக்கும் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சென்ற வாரம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்று ரவுட்டர் அதை நிராகரிக்கும். சாதாரண டிஎன்எஸ் வைத்திருந்தால் பட்டியல் வராததோடு போயிற்று. வான் பக்கத்தில் மறையாக்க டிஎன்எஸ்ஸும் வைத்திருந்தால் முடிச்சு இறுகிவிடுகிறது: சரியான நேரம் தெரிய நேரச் சேவையகத்தின் பெயரைத் தீர்க்க வேண்டும், பெயரைத் தீர்க்கச் சான்றிதழ் ஏற்கப்பட வேண்டும், சான்றிதழ் ஏற்கப்படச் சரியான நேரம் தெரிய வேண்டும். இதை அவிழ்க்க ஒரு வரி போதும். டிஎன்எஸ் முன்னனுப்பல் பட்டியலில், என்டிபி நேரச் சேவையகங்களின் பெயர்களை மட்டும் 1.1.1.1 போன்ற சாதாரணச் சேவையகத்துக்கு அனுப்புமாறு எழுதுங்கள். நேரம் சரியானதும் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும். இது சரியாக இருக்கிறதா என்று அறிய, அடுத்த மின்தடையில் ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் உள்ளூர் நேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இணையம் சில நேரம் முழுவதுமாக நிற்பதற்கு நினைவகமும் காரணமாக இருக்கலாம். சி7இல் இருப்பது 128 எம்பி நினைவகம். பட்டியல் ஒவ்வொன்றும் டிஎம்பியில் கோப்பாக ஒருமுறை, டிஎன்எஸ்மாஸ்க்கின் உள்ளே ஒருமுறை என இரட்டை இடம் பிடிக்கிறது. புதுப்பிக்கும் நேரத்தில் இன்னும் கூடும். நீங்கள் தொடர்ந்து பட்டியல்களைச் சேர்த்தது இங்கே எதிராக வேலை செய்திருக்கும். ரவுட்டரின் பதிவேட்டில் "நினைவகம் தீர்ந்தது, டிஎன்எஸ்மாஸ்க் நிறுத்தப்பட்டது" என்ற பொருளில் வரி இருந்தால் ஐயமே இல்லை. பொதுவான, நன்கு பராமரிக்கப்படும் ஒரே ஒரு நடுத்தரப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல்கள் ஒன்றையொன்று பெருமளவு திரும்பச் சொல்பவை. ஐந்தைச் சேர்த்தால் ஐந்து மடங்கு தடுப்பு கிடைக்காது. உலாவி நீட்சிகளுக்காக எழுதப்பட்ட ஈசிலிஸ்டை ரவுட்டருக்குள் அப்படியே திணிக்கவும் வேண்டாம். அதன் விதிகளில் பெரும்பகுதி பக்கத்தின் உறுப்புகளையும் பாதைகளையும் பற்றியவை, பெயர்களை மட்டும் பார்க்கும் கருவிக்கு அவை பயன்படா.

யூடியூப் விளம்பரங்களை ரவுட்டரால் நிறுத்த முடியாது. விளம்பரக் காணொளியும் நீங்கள் பார்க்க வந்த காணொளியும் கூகுளின் ஒரே காணொளிச் சேவையகப் பெயர்களிலிருந்து வருகின்றன; பெயரைத் தடுத்தால் இரண்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளே வரும் விளம்பரங்களும் இப்படியே. இதைச் செய்வதாகச் சொல்லும் பட்டியல்களை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேர்ப்பது ரவுட்டரின் தடுப்புக்கு நல்ல துணை. அது பக்கத்தின் உள்ளே பார்க்கக்கூடியது. தொலைக்காட்சிப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

வங்கிச் செயலியைப் பொறுத்தவரை, தடுப்பையே அணைத்துவிட்டு "இப்போது திறக்கிறது" என்று விட்டுவிடுவது எளிது, ஆனால் அதில் எந்தப் பெயர் தடையாக இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். டிஎன்எஸ்மாஸ்க்கில் கேள்விகளைப் பதிவு செய்யும் தேர்வை இயக்குங்கள். அந்தக் கைபேசியின் ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, மற்றச் செயலிகளை மூடிவிட்டு, வங்கிச் செயலியை மட்டும் திறங்கள். பதிவேட்டில் அந்த முகவரியிலிருந்து வந்த கேள்விகளில் "இல்லை" என்ற விடை பெற்றவை சிலவே இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஒன்று, செயலி பழுதடைந்தால் தகவல் அனுப்பும் சேவையாகவோ பயன்பாட்டை அளக்கும் சேவையாகவோ இருக்கும். நன்றாக எழுதப்படாத செயலி அந்த விடை கிடைக்காமல் முதல் திரையிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்து, செயலியை மறுபடி திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அந்தப் பெயரை நீக்கிவிட்டு அடுத்ததைச் சேருங்கள். இரண்டு பெயர்கள் சேர்ந்தே தேவைப்படும் செயலிகளும் இருப்பதால், தனித்தனியாக எதுவும் பலிக்காவிட்டால் எல்லாவற்றையும் அனுமதித்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தடுத்து வாருங்கள். கூகுள் தேடலின் உச்சியில் வரும் கடை இணைப்புகளைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னாலும் இதே முறைதான். அங்கே தடைப்படுவது கூகுளின் விளம்பரச் சேவைப் பெயர், அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். வேலை முடிந்ததும் கேள்விப் பதிவை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை அது வரிவரியாக எழுதிவைக்கிறது.